பக்கத்து இருக்கையின் கதவு

நேற்று மாலை நேராக நிறுத்திவிட்டுப் போன கதவு, இன்று காலை ஒரு தீக்குச்சி கனம் கீழே இறங்கியிருந்தது.

வேறு யார் பார்த்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. அவருக்குப் பட்டது. முப்பது வருடமாகக் கார்க் கதவுகளோடு மட்டுமே மாரடிக்கிறவர் அவர். அந்த வரிசையில் இருந்த பட்டறைகளில் ஒருவர் இன்ஜின், ஒருவர் பெயிண்ட், ஒருவர் சீட்டு; கதவு தொங்கினால், மூடாமல் அடம்பிடித்தால், மழையில் ஒழுகினால் இவரிடம் வரும். அதனால் அவருக்குக் கீலண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கதவை முடித்துவிட்டுப் போகும்போது அதன் விளிம்பிலிருந்து பின்பக்கத் தகடு வரை சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மறுநாள் வந்து பார்க்கும்போதும் அது ஒரே கோடாக இருக்க வேண்டும். இன்று கோடு ஒடிந்திருந்தது. கதவிலிருந்த பாதி, தகட்டிலிருந்த பாதிக்குக் கீழே நின்றது.

"புது புஷ் போட்டா ரெண்டு நாள் அப்படித்தான் உட்காரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஸ்பானரை எடுத்தார். அது உண்மையும்கூட. ஆனால் இது மூன்றாவது நாள்.

அவரைவிட வயதான கறுப்பு நிறக் கார் அது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவுதான் பிரச்சினை. பழைய இரும்பு, இந்தக் காலத்துத் தகரம் இல்லை. தனியாகக் கழற்றினால் இரண்டு பேர் வேண்டும். வந்த அன்று கதவு இரண்டு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது. மேல் கீலின் பின்னைத் தட்டி வெளியே எடுத்தபோது அது ஒரே பக்கமாகத் தேய்ந்து, பாதி சப்பிய மிட்டாய் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ பல வருடம் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்கி எழுந்திருக்கிறார்கள். எல்லா வயதானவர்களும் செய்வதுதான். புதுப் பின், அதைச் சுற்றிப் புதுப் பித்தளை புஷ், இரண்டு மணிநேர வேலை என்று நினைத்தார்.

இப்போது கதவைப் பாதி திறந்து, கைப்பிடி முனையை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பார்த்தார். கீலில் ஆட்டம் இல்லை. கீல் உட்கார்ந்திருந்த தூணைச் சின்னச் சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். துரு தின்ற இடம் சத்தத்தில் காட்டிக்கொடுக்கும். இங்கே எல்லா இடத்திலும் ஒரே சுத்தமான சத்தம். தேய்மானம் இல்லை, ஆட்டம் இல்லை, துரு இல்லை. கதவு மட்டும் இறங்கியிருக்கிறது.

போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு இழை மேலே தூக்கி முடுக்கி, பழைய கோட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தார். நிமிரும்போது இடுப்பு சுரீர் என்றது. கையை ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"என்ன அண்ணே, இன்னும் அதே கதவா?" அடுத்த பட்டறைப் பெயிண்டர் மூக்கில் கட்டிய துணியை இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அதுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"வீட்ல ஒண்ணு இருக்கு, தூக்குறதுக்கு. அதுவே போதும்."

சொன்ன பிறகு இருவருமே சிரிக்கவில்லை. பெயிண்டருக்கு அவர் வீட்டு நிலைமை தெரியும்.

இரண்டு வருடமாக அவர் மனைவிக்கு இடது பக்கம் வேலை செய்யவில்லை. காலையில் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, மத்தியானம் நாற்காலியிலிருந்து படுக்கைக்கு, மாலையில் மறுபடி நாற்காலிக்கு. அவள் வலது கையை அவர் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அவர் முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து, தூக்குவார். மாடிவீட்டு அக்கா ஐந்து மணி வரை அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவர்தான். போன மாதம் ஒருநாள் ஒரு கதவோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழரைக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி தரையில் கிடந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாளாம். ஒரு மணிநேரமாகச் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

மத்தியானம் மகள் போனில் அதையேதான் சொன்னாள்.

"ஆறு மணிக்கு வீட்ல இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்மா."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அப்பா, நான் சண்டை போடலை. உங்களுக்கும் வயசாகுது. இன்னொரு தடவை அம்மா கீழே கிடந்தாங்கன்னு கேட்டா, நான் வந்து ஹோம்ல சேர்த்துடுவேன். அவங்க அங்கே ஆள் வச்சுத் தூக்குவாங்க."

"ஆள் வச்சா," என்றார் அவர். இந்த வீட்டில் அவள் இருப்பது தன் இடுப்பும் தோளும் தாங்குகிற வரைதான் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி நினைக்காமலிருக்கத்தான் காலையிலிருந்து ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியபோது மணி இரண்டரை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெயிண்டர் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு எங்கோ போயிருந்தார். தகரக் கூரைமேல் முதல் தூறல் விழுகிற சத்தமும், வாசலில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் காற்றில் உப்பி அடங்குகிற சத்தமும் மட்டும். உள்ளே கிரீஸ், பழைய ரெக்சின், ஈர மண் எல்லாம் கலந்த வழக்கமான வாசனை. அதற்கு அடியில், வலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. தன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தார். காலையில் மனைவியின் தோளுக்குத் தேய்த்துவிட்டிருந்தார். சட்டையை முகர்ந்து பார்த்தார். சட்டையில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

சாக்பீஸ் கோடு மறுபடி ஒடிந்திருந்தது. இப்போது ஒரு விரற்கடை.

காலையில் பக்கத்தில் எதையோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கார் முழுக்க மெல்லிய வெள்ளைத் தூசி படிந்திருந்தது. கதவின் மேல்விளிம்பில், கண்ணாடி இறங்குகிற இடத்தில், அந்தத் தூசி நான்கு இடத்தில் அழிந்திருந்தது. விரல்கள். வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் பிடிக்கிற பிடி. அவர் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு விரல் அங்கே மூன்று விரலை மூடியது.

வேறு யாராவது ஏறி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். பழைய காரைக் கண்டால் எல்லோருக்கும் ஆசை. துணியால் துடைத்தார்.

வாஷர் எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருக்கையின் ஸ்பிரிங் முனகியது. பிறகு ஒரு மூச்சு. நீளமாக உள்ளே இழுத்து, பல்லைக் கடித்து நிறுத்தி, "ஹ்ம்" என்று விடுகிற மூச்சு. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்திருக்கப் போகிறவர்கள் விடுகிற மூச்சு அது. தினமும் மூன்று வேளை அதைக் கேட்கிறார்.

தலையை மேஜையில் இடித்துக்கொண்டு திரும்பினார். கார் காலியாக இருந்தது. பாதி திறந்த கதவு மட்டும் மிக மெதுவாக, தன் கனத்தில் தானே ஆடுவதைப் போல, கொஞ்சம் ஆடி நின்றது.

நாலரை மணிக்குக் காரின் சொந்தக்காரர் வந்தார். பல் டாக்டர். குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"முடிஞ்சுதா? நாளைக்குக் காலையில வண்டியைக் குடுத்தாகணும். வாங்குறவங்க எட்டு மணிக்கே வந்துடுவாங்க."

"முடிச்சுடலாம் சார். உள்ளே வாங்க, நனையுறீங்க."

"பரவாயில்லை."

கீலண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இந்தப் பக்கம் யாரு சார் உட்காருவாங்க?"

டாக்டர் கதவைப் பார்த்தார். உடனே பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டார். "எங்கம்மா."

"கதவைப் பிடிச்சுத்தான் எழுந்திருப்பாங்களோ?"

"கை குடுத்தா வாங்க மாட்டாங்க. நானே எழுந்துப்பேன், நீ உன் வேலையைப் பாருன்னு சொல்லுவாங்க. இருபது வருஷம்." லேசாகச் சிரித்தார். "நானும் என் வேலையைப் பார்த்தேன்."

"இப்போ எப்படி இருக்காங்க?"

"போய் எட்டு மாசம் ஆச்சு."

கூரையில் மழை வலுத்தது. டாக்டர் போகவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் போக முடியாத ஆளைப்போல் குடைக்கம்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"இந்த வண்டியிலதான். பத்து நிமிஷம்னு சொல்லிட்டு உள்ளே போனேன். ஒருத்தர் பேச்சுக் குடுத்தார். திரும்பி வந்தப்போ கதவு திறந்திருந்துச்சு. கால் ரெண்டும் வெளியே. பாதி எழுந்திருக்காங்க. கதவைப் பிடிச்சபடியே..." நிறுத்தினார். "அந்தக் கையை எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு."

"எவ்வளவு நேரம் சார் ஆச்சு? பத்து நிமிஷமா?"

"இல்லை," என்றார் டாக்டர். பிறகு குடையை நிமிர்த்திக்கொண்டு மழைக்குள் போனார்.

மணி ஐந்தேகால். மாடிவீட்டு அக்கா இந்நேரம் போயிருப்பார். கதவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. காலையில் ஆறுக்கு வந்தால் போயிற்று. ஆனால் ஆறு மணிக்கு மனைவியை எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். எட்டுக்குள் முடியாது. மேல் பின்னை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அரைமணி நேரம். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினாலும் பத்து நிமிஷ நடை.

ஜாக்கியைக் கதவுக்கு அடியில் நகர்த்தி, மேலே கட்டையும் கட்டைமேல் மடித்த சாக்கும் வைத்து, கதவின் பாரம் முழுதும் அதில் ஏறும்வரை உயர்த்தினார். கதவு வேலை பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான்: இரும்பை இரும்பு தாங்கட்டும், உடம்பைக் கொடுக்காதே. பின்னை அடியிலிருந்து தட்டினார். வர மறுத்தது. ஓங்கித் தட்டினார். நாலைந்து அடிக்குப் பிறகு உள்ளங்கையில் வந்து விழுந்தது.

வளைந்திருந்தது. முந்தாநாள் புதிதாகப் போட்ட எஃகுப் பின், நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி வளைந்திருந்தது.

அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கதவின் எடை இதைச் செய்யாது. நான்கு கதவின் எடையும் செய்யாது.

டப்பாவில் இன்னொரு பின் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தபோது ஜாக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் எங்கும் ஒழுகவில்லை. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. முழுக் காரையும் தாங்குகிற ஜாக்கி, சத்தமே இல்லாமல், தண்ணீருக்குள் முங்குவதைப் போல இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்க் கீல் மட்டும் பிடித்திருந்த கதவு முறுக்கிக்கொண்டு, தூணின் இரும்பு கிறீச்சிட ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் தூணே கிழிந்துவிடும்.

பம்பை அழுத்தினார். ஏறியது. கையை எடுத்தார். இறங்கியது.

மறுபடி அழுத்தினார். மறுபடி.

மணி ஐந்தே முக்கால். இப்படி ஒற்றைக் கீலில் விட்டுவிட்டுப் போக முடியாது. பெயிண்டரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மழை மட்டும்.

தைல வாசனை.

ஒரே வழிதான் இருந்தது. முப்பது வருடத்தில் அவர் யாருக்கும் சொல்லித்தராத வழி. ஒரு காலை ஊன்றி, மறு முழங்காலை மடக்கி, திறந்த கதவின் மேல்விளிம்புக்கு வெளிப்பக்கமாகக் குனிந்து, கைப்பிடிக்கு அடியில் இரு கைகளையும் கோத்து, வலது தோளைக் கதவோடு முட்டுக்கொடுத்தார். மூச்சை இழுத்தார். மனைவியைத் தூக்குவதற்கு முன் இழுப்பதுபோல. நிமிர்ந்தார்.

கதவு எழுந்தது. கீலின் துளையும் தூணின் துளையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்தன. இடது கையால் பின்னை நுழைத்தார். சுத்தியலைத் தேடிக் கையை நீட்டினார்.

அப்போது தோள்மேல் ஒரு கை வந்தது.

இரும்பு குளிர்ந்திருந்தது. இது குளிரவில்லை. மெல்லிய விரல்கள், ஒட்டி ஒட்டி, நான்கு. கதவின் விளிம்பை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அவர் சட்டைக்கு மாறின. காதுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது.

"ஹ்ம்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுத்தியல் கையில் இருந்தது. அடித்தார். அடித்தார். பின் முழுதும் உள்ளே போனது. கைகளை விட்டு விலகினார்.

கதவு அசையவில்லை. ஒரு விரலால் தள்ளினார். மென்மையாகப் போய், முதல் முறையிலேயே 'டக்' என்று மூடிக்கொண்டது. இரண்டு துண்டாக இருந்த கோடு ஒரே கோடாக இருந்தது. விளிம்பில் புதிதாக எந்த விரல் தடமும் இல்லை. காருக்குள் தைல வாசனையும் இல்லை.

தோள் மட்டும் கனத்தது.

சதை பிடித்துக்கொண்டிருக்கும். வயதுக்கு மீறித் தூக்கினால் இப்படித்தான் ஆகும். பட்டறையை இழுத்துப் பூட்டினார். மணி ஆறு அடித்து ஐந்து நிமிஷம். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. டீக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற பெயிண்டர் கையசைத்தார்.

"அண்ணே, என்ன இப்படிச் சாய்ஞ்சு நடக்குறீங்க? யாரையாவது சுமக்குறீங்களா?"

ஒவ்வொரு அடிக்கும் வலது கால் தண்ணீரில் ஆழமாகப் பதிந்தது. பத்து நிமிஷ நடைக்கு இருபது நிமிஷம் ஆனது. மூன்று இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். நின்ற ஒவ்வொரு முறையும் தோளில் இருந்த பிடி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இறுகுவதுபோல, கொஞ்சம் இறுகியது. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

வீட்டில் விளக்கு எரிந்தது. மனைவி கட்டிலில்தான் இருந்தாள். விழவில்லை. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"வந்துட்டேன்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு சாண் மேலே பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியதால் அவள் பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் வரும்.

"முதல்ல... அவங்களை... இறக்கி விடுங்க."

"யாரை?"

"பாவம்ங்க. எவ்வளவு நேரமா... தொங்கிட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள். இரண்டு வருடமாகத் துணையில்லாமல் சரியாகப் புரள முடியாதவள், வலது காலை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, கட்டிலின் விளிம்பை நோக்கி நகர்ந்தாள். தன் இடது பக்கம், சுவரோரமாக, ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள்.

"வேண்டாம்," என்றார் அவர். "நீ எழுந்திரு. வெளியே போயிடலாம்."

அவளைத் தூக்கக் குனிந்தார். குனிந்ததும் தோள் லேசானது. சட்டென்று, முழுதுமாக. மெத்தையில் சுவரோரப் பாதி மெதுவாக அமுங்கியது. போர்வை மடிப்பு விரிந்து, ஓர் இடுப்பின் அகலத்துக்குக் குழி விழுந்தது.

மனைவியின் வலது கையை இழுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். மூச்சை இழுத்தார். தூக்கினார்.

எழவில்லை.

"என்னங்க," என்றாள் அவள்.

அவளுடைய செத்த இடது கை உயர்ந்துகொண்டிருந்தது. மணிக்கட்டு தொங்க, முழங்கை நீண்டு, சுவர்ப்பக்கமாக. யாரோ பிடித்து எழுந்திருக்க இழுப்பதுபோல. அவர் இறுக்கிப் பிடித்தார். பிடித்த கையை எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவர் ஒருவர்தான் இருந்தார்.

சுவரோரம் நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது.

மனைவியின் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியது.